எட்டடி ஆழத்தில் மூடுபனி

ஜனவரி 6

பாப்பாவுக்கு,

சித்தி உன்னிடம் சொல்லிவிட்டாள் என்று போன வாரமே தெரிந்துவிட்டது. நீ மலையிலிருந்து கீழே இறங்கியிருந்த அன்று நான் போன் செய்தபோது "வேலையா இருக்கேன், வச்சிடறேன்" என்று நீ சொன்ன விதம் ஒன்றே போதும். அவள் வாயில் எதுவும் தங்காது. அது தெரிந்தும் அவளிடம்தான் போய்ச் சொன்னேன். என்னால் உன்னிடம் நேராகச் சொல்ல முடியாததை அவள் சொல்லட்டும் என்று நினைத்தேனோ என்னவோ.

சரி, நானே முறையாகச் சொல்லிவிடுகிறேன். உன் அம்மா கல்லூரிக்குப் போகிறாள். நாற்பத்தெட்டு வயதில், மாலை வகுப்பில், காட்சி ஊடகப் பட்டயப் படிப்பு. சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் மூன்று மணிக்கு வேலை முடிந்ததும் கைப்பையில் நோட்டை வைத்துக்கொண்டு ஓடுகிறேன்.

ஏன் என்று கேட்பாய். எங்கள் காத்திருப்பு அறையில் ஒரு டிவி உண்டு, உனக்குத் தெரியும். வெறும் வயிற்றோடு வந்திருப்பவர்களுக்குத் தலைவலிக்கும் என்று அதன் சத்தத்தை எப்போதும் அணைத்தே வைத்திருப்பார்கள். பதினோரு வருடமாக டோக்கன் கொடுத்துக்கொண்டே சத்தமில்லாத பாட்டுகளைப் பார்த்திருக்கிறேன். இவள் இந்த இடத்தில் ஏன் திரும்புகிறாள், இந்த ஜன்னலை ஏன் இவ்வளவு நேரம் காட்டுகிறார்கள், இதையெல்லாம் யார் முடிவு செய்கிறார்கள் என்று யோசித்து யோசித்து, ஒருநாள் விண்ணப்பம் வாங்கிவிட்டேன்.

கடைசித் தேர்வுக்குப் பதிலாக நான்கு நிமிடப் பாட்டுப் படம் ஒன்று எடுக்க வேண்டும். எங்கள் குழுவில் நான்கு பேர். இயக்குநர் பெயர் தாடி; ஒரு முடிகூட முளைக்காததால் அந்தப் பெயர். ஒளிப்பதிவு கொக்கு, ஆறடிப் பெண், ஏணியே வேண்டாம். பாட்டெழுதிப் பாடுவது தும்மல். தூசி பட்டால் ஒன்பது தடவை தும்முவாள். நான்காவது நான், பொறுப்பு விளம்பரம். என்னை ஆன்ட்டி என்று கூப்பிடுவதா மேடம் என்று கூப்பிடுவதா என்று குழம்பி, கடைசியில் "சீனியர்" என்று வைத்துவிட்டார்கள்.

பாட்டு இப்படித் தொடங்குகிறது: "கதவைத் திறந்தேன், தெருவைக் காணோம். கையை நீட்டினேன், விரலைக் காணோம்." தும்மல் இதைப் பாடும்போது வகுப்பறையின் சுவர்கள் கொஞ்சம் விலகி நிற்பது போல இருக்கிறது.

உன் வானிலை நிலையம் இருக்கிற மலைக்குச் செல்போன் எட்டாது. அலுவலக போனோ வானிலைக்கு மட்டும். அதனால் வியாழக்கிழமை தபால் கொண்டுவருகிற ஜீப்பை நம்பி எழுதுகிறேன். பதில் போடு.

அம்மா


ஜனவரி 17

அம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நீங்கள் படிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நல்லபடியாக முடிக்க வாழ்த்துகள்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பதிவு செய்ய விரும்புகிறேன். பதிவு செய்வதுதான் என் வேலை.

எனக்குப் பதினைந்து வயது. பள்ளி அரங்கில் ஒத்திகை. முப்பத்திரண்டு பேர் வரிசையாக நிற்கிறோம். எல்லோரும் நிறுத்தி, நான் மட்டும் பாட வேண்டிய இடம் வந்தது. மூன்றாவது வரியில் கதவு திறந்தது. நீங்கள் வேலை உடையோடு உள்ளே வந்தீர்கள். "போதும், பையை எடு" என்றீர்கள். பாட்டு டீச்சர், "இந்த வரி மட்டும் முடியட்டுமே" என்றார். "முடிஞ்சது" என்றீர்கள். என் மணிக்கட்டைப் பிடித்து, முப்பத்தொரு பேர் பார்க்க, நடு வழியில் நடத்திக்கொண்டு போனீர்கள். பாட்டு சோறு போடாது, மார்க்குதான் போடும் என்று வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தீர்கள்.

அதற்குப் பிறகு நான் பாடவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

இப்போது நீங்கள் பாட்டுப் படம் எடுக்கிறீர்கள். எனக்குக் கூடாது என்று மூடி வைத்த பெட்டியை, நான் வீட்டைவிட்டுப் போனபிறகு நீங்களே திறந்து சாப்பிடுவது போல இருக்கிறது. அவ்வளவுதான்.

இங்கே எல்லாம் நலம். இன்று மேகம் எட்டில் எட்டுப் பங்கு, வானமே தெரியவில்லை. காற்று வடக்கிலிருந்து.


ஜனவரி 26

பாப்பா,

"நீங்கள்" என்று எழுதியிருந்தாய். பக்கத்து வீட்டுக்காரிக்கு வந்த கடிதத்தைத் தவறிப் பிரித்துவிட்டேனோ என்று உறையைத் திருப்பி விலாசம் பார்த்தேன். என் விலாசம்தான்.

பதிலாக இரண்டு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். அதில் "உன் நல்லதுக்குத்தான்" என்று மூன்று தடவை வந்தது. மூன்றாவது தடவை எனக்கே சலித்துவிட்டது. நீ கேட்டதற்குப் பதில் என்னிடம் இருக்கிறது, ஆனால் எழுத்தில் வர மறுக்கிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள். அதுவரை என் கதையைக் கேள்.

ஊர் நீச்சல்குளத்தை ஓடு மாற்றுவதற்காக வற்ற வைத்திருக்கிறார்கள். பிப்ரவரி இருபதுக்குள் மறுபடி நிரப்பிவிடுவார்கள். அதுவரை அங்கே படம் எடுக்க அனுமதி வாங்கியிருக்கிறோம். தண்ணீர் இல்லாத குளத்தில் நீ நடந்திருக்கிறாயா? ஆழம் குறைந்த பக்கத்திலிருந்து சரிவில் இறங்கி நடந்தால், நீலம் மெல்ல மெல்ல மேலே ஏறி, "எட்டடி" என்று எழுதியிருக்கும் இடத்தில் தலைக்கு மேலே போய்விடுகிறது. அங்கே நின்று பேசினால் சொந்தக் குரலே கொஞ்சம் தாமதமாக வந்து சேர்கிறது. பேசியது நான்தானா என்று ஒருகணம் சந்தேகம் வருகிறது.

அந்தக் குளம் முழுக்க மூடுபனி நிற்க வேண்டும், அதற்குள் தும்மல் நடந்து வர வேண்டும். தாடியின் கனவு இது. அதற்காக நாடகக்காரர்களிடமிருந்து புகை இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்தான். போட்ட இரண்டாவது நிமிடமே தும்மல் தும்ம ஆரம்பித்தாள். ஒன்பதோடு நிற்கவில்லை. பதினாலு வரை எண்ணினேன். குளத்துக் காவலர் இருமிக்கொண்டே ஓடினார். எதிர்வீட்டு மாடியிலிருந்து யாரோ தீயணைப்புக்குச் சொல்லிவிட்டார்கள். சிவப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வந்து நின்றது. கொக்கு அதையும் படம் எடுத்து வைத்திருக்கிறாள்.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. கேட்க உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன். நிஜமான மூடுபனி எங்கள் ஊருக்கு எப்போது வரும்?

அம்மா


பிப்ரவரி 4

அம்மா,

இதை அலுவலகப் பதிலாக எடுத்துக்கொள்ளவும்.

மூடுபனிக்கு நான்கு விஷயங்கள் ஒன்றுசேர வேண்டும். முந்தைய நாள் மழை பெய்து நிலம் ஊறியிருக்க வேண்டும். அன்றிரவு வானம் தெளிய வேண்டும். காற்று அடங்கியிருக்க வேண்டும், ஆனால் அடியோடு நின்றுவிடக்கூடாது. விடியும் முன் நிலம் நன்றாகக் குளிர வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் வெறும் ஈரக் காலைதான்.

உங்கள் இடத்தேர்வு நல்லது. தாடி தெரிந்து செய்தாரா தெரியாமல் செய்தாரா என்று எனக்குப் புரியவில்லை. குளிர்ந்த காற்றும் தண்ணீரைப் போலப் பள்ளம் தேடித்தான் இறங்கும். தெருவில் பனி முழங்கால் உயரம் இருந்தால், குளத்தில் ஆள் உயரம் நிற்கும். சூரியன் ஏறினால் எட்டு மணிக்குள் கலைந்துவிடும்.

பத்தாம் தேதிக்குப் பிறகு ஒரு மழை தெரிகிறது. எந்த நாள் என்று இப்போதே சொல்ல முடியாது. முந்தின நாள் மாலை நான்கு மணிக்கு உங்கள் பரிசோதனை நிலையத்துக்கு அலுவலக போனில் கூப்பிடுகிறேன். வரும் என்றால் "வரும்". கூப்பிடவில்லை என்றால் வராது. அதற்கு மேல் பேச லைனில் அனுமதி இல்லை.

ஓடு வழுக்கும். சரிவில் இறங்கும்போது பார்த்து நட. உனக்கு ஈரக் காற்று பட்டால் காது வலிக்கும், எதையாவது கட்டிக்கொண்டு போ.

பாடுகிற பெண்ணுக்கு என்ன வயது?


பிப்ரவரி 16

பாப்பா,

வந்தது.

பத்தாம் தேதியிலிருந்து தினமும் வேலை முடிந்த பிறகும் நான்கு மணி வரை போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஊசி போடுகிறவர் சாவியைக் கையில் ஆட்டிக்கொண்டே, "யார் போன்க்கா? ஏதாவது நல்ல சேதியா?" என்று கேட்டுப் பார்த்தார். "வானிலை" என்றேன். பன்னிரண்டாம் தேதி மணி அடித்தது. "அம்மா, வரும்." அவ்வளவுதான் சொன்னாய். வைத்தபிறகும் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்க மனசு வரவில்லை.

மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கு வீட்டுக் கதவைத் திறந்தேன். தெருவைக் காணோம். பாட்டில் இருந்தது போலவே. தெருவிளக்குகள் மட்டும் மஞ்சள் உருண்டைகளாக, எதிலும் ஒட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தன. நான் நடக்கிறேனா, என்னை யாராவது தூக்கிக்கொண்டு போகிறார்களா என்று தெரியவில்லை. குளத்து வாசலில் நின்று "யாராவது இருக்கீங்களா?" என்றேன். "இருக்கோம் சீனியர்!" என்று பனியே பதில் சொன்னது.

நீ சொன்னபடி குளம் விளிம்பு வரை பனியால் நிரம்பியிருந்தது. தும்மல் எட்டடிப் பக்கத்தில் நின்று பாடிக்கொண்டே மேலே நடந்து வந்தாள். முதலில் குரல். பிறகு ஒரு நிழல். பிறகுதான் ஆள். ஒரு தும்மல்கூட இல்லை. தாடி நகத்தைக் கடித்தபடி, "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்று கிசுகிசுத்தான்.

நான்காவது தடவை அவள் நடந்து வரும்போது, மேலேயிருந்து ஓர் ஆணின் குரல்.

"பாப்பா! எங்க இருக்க?"

தும்மல் பாட்டை நிறுத்திவிட்டாள். "அப்பா" என்றாள், எங்களுக்கு மட்டும் கேட்கும்படி. அவர் பஸ் கண்டக்டர். இரண்டு தெருவுக்குக் கேட்கும் குரல். மகள் காலையில் பயிற்சி வகுப்புக்குப் போவதாக நினைத்துக்கொண்டிருந்தாராம், இங்கே வந்தது யார் சொல்லியோ தெரிந்துவிட்டது.

"பாப்பா! வெளிய வா! போதும் வா!"

குளத்தைச் சுற்றி நடந்துகொண்டே கூப்பிட்டார். அவருக்கு எங்களைத் தெரியவில்லை, எங்களுக்கு அவரைத் தெரியவில்லை. காலடிச் சத்தம் மட்டும் சுற்றிச் சுற்றி வந்தது. தும்மல் அசையவில்லை. தாடியும் கொக்கும் என்னைப் பார்த்தார்கள். குழுவில் பெரியவள் நான்தானே.

ஏணியைத் தடவிப் பிடித்து மேலே ஏறினேன். மூன்றடி தூரத்தில் வந்தபிறகுதான் அவர் முகம் தெரிந்தது. காக்கிச் சட்டை, தோளில் பை. என் மகளை வெளியே அனுப்பு என்றார். நான் என்ன சொல்வது என்று யோசிக்கவே இல்லை, பாப்பா. அதுவாக வந்தது.

"நானும் ஒரு பொண்ணைப் பாதிப் பாட்டுல கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போனவதாங்க. ஒன்பது வருஷம் ஆச்சு. இன்னும் அவ என்கிட்ட முழுசாப் பேசல."

அவர் தோளில் பையைச் சரிசெய்துகொண்டார். பிறகு, "இப்ப உங்க பொண்ணு என்ன பண்றா?" என்றார்.

"வானிலை நிலையத்துல வேலை."

"நல்ல வேலைதானே?"

"நல்ல வேலைதான்."

அவர் குளத்து விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார். "எட்டு மணிக்கு எனக்கு வண்டி" என்றார். கீழே பாட்டு மறுபடி தொடங்கியது. பனி கலைகிற வரைக்கும் எடுத்தோம். கலைந்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். போகும்போது, "என் பொண்ணு முகம் எந்தச் சுவர்லயும் ஒட்டக்கூடாது. பேரும் வரக்கூடாது" என்று மட்டும் சொன்னார்.

இப்போது உனக்குத் தர வேண்டிய பதில். அந்த ஒத்திகைக்கு முதல் நாள் உன் பாட்டு டீச்சர் என்னைக் கூப்பிட்டுப் பேசியிருந்தார். இந்தக் குரலை இங்கே வைத்து வீணாக்காதீர்கள், வெளியூரில் தங்கிப் படிக்கிற இசைப் பள்ளிக்கு அனுப்புங்கள் என்றார். அப்பா போய் இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. நீயும் போய்விட்டால் அந்த வீட்டில் நான் யாரிடம் பேசுவது? மார்க்கு என்பதெல்லாம் சாக்கு. நீ போய்விடுவாய் என்ற பயம், அவ்வளவுதான். உன்னை என் பக்கத்தில் வைத்துக்கொள்ள உன் வாயை மூடினேன். நான் செய்தது தப்பு. "ஆனால்" என்று இதற்குப் பிறகு ஒரு வரி எழுத வருகிறது. எழுத மாட்டேன்.

அம்மா


பிப்ரவரி 27

அம்மா,

உன் கடிதத்தை வியாழக்கிழமை படித்தேன். ஜீப் திரும்பும்போது பதில் கொடுத்தனுப்ப முடியவில்லை. ஒரு வாரம் கூடவே வைத்திருந்தேன்.

இங்கே தினமும் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் பலூன் விடுவோம். என் உயரத்தைவிடப் பெரியது, வெள்ளை. கீழே ஒரு சின்னக் கருவி தொங்கும். வாயு நிரப்பியதும் அது கையில் இழுக்கும், குழந்தை கடைத்தெருவில் இழுக்கிற மாதிரி. சரியான நொடியில் விட வேண்டும். விட்டதும் ஒரு நிமிடம் தெரியும், பிறகு மேகத்துக்குள் போய்விடும். ஆனால் அது பேசிக்கொண்டே இருக்கும். இவ்வளவு உயரம், இவ்வளவு குளிர், இவ்வளவு காற்று என்று. நான் கீழே உட்கார்ந்து கேட்டு எழுதுவேன். இந்த வேலை எனக்குப் பிடிக்கும் அம்மா. இதை உன் வெற்றி என்று எடுத்துக்கொள்ளாதே.

நீ பயம் என்று எழுதியதால் நானும் ஒன்று எழுத வேண்டியிருக்கிறது. அன்று அரங்கில் நீ கதவைத் திறந்தபோது, என் வயிற்றுக்குள் ஒரு துளி நிம்மதி இருந்தது. நான்காவது வரி உச்சத்துக்குப் போகும். ஒத்திகைகளில் பாதி நாள் அங்கே என் குரல் உடையும். அன்றும் உடையுமோ என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். உடைந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாமலேயே போய்விட்டது. ஒன்பது வருடமாக முழுப் பழியையும் உன் மேல் வைத்திருந்தது எனக்கு வசதியாக இருந்தது. ஒரு துளியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். மீதி உன்னுடையதுதான். மணிக்கட்டைப் பிடித்து இழுத்தது உன்னுடையதுதான்.

அந்தக் கண்டக்டரிடம் நீ பேசியதைப் பலமுறை படித்தேன். "நல்ல வேலைதான்" என்ற இடத்தில் சிரித்துவிட்டேன். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமலேயே.

முகமும் பெயரும் இல்லாமல் சுவரொட்டி எப்படிச் செய்வாய்? எனக்கு ஒரு யோசனை. நாங்கள் தினமும் எழுதுகிற அறிக்கையைப் போலவே எழுது. யாரும் தாண்டிப் போக மாட்டார்கள். உதாரணத்துக்கு:

"வானிலை முன்னறிவிப்பு. மார்ச் 21, மாலை 6 மணி. கல்லூரி அரங்கில் அடர்ந்த மூடுபனி நிலவும். நான்கு நிமிடம் நீடிக்கும். குடை தேவையில்லை."


மார்ச் 10

பாப்பா,

உன் யோசனையைப் படித்துக் காட்டியதும் தாடி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். "சீனியர், உங்க பொண்ணை நம்ம குழுவுல சேர்த்துக்கலாமா?" என்றான். அவள் அரசாங்க அதிகாரி, நம்மைச் சேர்த்துக்கொள்ள மாட்டாள் என்றேன்.

வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து, படமே இல்லை. பேருந்து நிறுத்தம், சலூன், துணி தேய்க்கிற கடை, நூலகம் என்று ஊர் முழுக்க ஒட்டினோம். கொக்கு எட்டாத உயரத்தில் ஒட்டுவாள், நான் கண் மட்டத்தில் ஒட்டுவேன். மூன்றாம் நாள் கல்லூரி அலுவலகத்துக்குப் போன் வர ஆரம்பித்தது. அரங்கில் புகை கசிகிறதா என்று ஒருவர். ஆஸ்துமா இருக்கிறது, வரலாமா என்று ஒருவர். எங்கள் விரிவுரையாளர் என்னைக் கூப்பிட்டு, "உங்களைத்தான் பொறுப்பான ஆள்னு நினைச்சேன்" என்றார். அடியில் "மாணவர் பாட்டுப் படம்" என்று சின்னதாகச் சேர்க்கச் சொன்னார். சேர்த்தோம், எறும்பு அளவில்.

எங்கள் நிலையத்தில் டோக்கனோடு ஒரு துண்டுச்சீட்டும் கொடுக்கிறேன். வெறும் வயிற்றோடு இருப்பவர்கள் எதையும் இரண்டு தடவை படிப்பார்கள்.

ஆனால் ஒரு சிக்கல் வந்தது. அன்று குளத்தில் கண்டக்டர் கூப்பிட்ட குரல் ஒலிப்பதிவில் அப்படியே விழுந்திருக்கிறது. தாடி அதைப் பாட்டின் முதலில் வைத்துவிட்டான். பனி மட்டும் தெரிகிறது, "பாப்பா! எங்க இருக்க?" என்று குரல், அதற்குப் பதில் போலத் தும்மல் பாடத் தொடங்குகிறாள். கேட்டதும் இன்னொரு தடவை போடச் சொன்னேன். அவர் அனுமதி இல்லாமல் கூடாது என்று சொல்லிவிட்டேன். "கேட்டா முடியாதும்பார் சீனியர், படமே போயிடும்" என்றான் தாடி. போனால் போகட்டும், ஒருத்தர் குரலை அவருக்குத் தெரியாமல் எடுக்கவும் கூடாது, அடக்கவும் கூடாது என்றேன். அதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நீ நினைப்பாய். நானும் நினைத்தேன்.

முந்தாநாள் அவரே சர்க்கரைப் பரிசோதனைக்கு வந்தார். டோக்கன் முப்பத்தொன்று. இரண்டாவது ரத்தம் கொடுக்க இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். பக்கத்தில் போய் உட்கார்ந்து, விஷயத்தைச் சொல்லி, காதில் மாட்டுகிற கருவியைக் கொடுத்தேன். கேட்டார். மறுபடி கேட்டார். கையைத் தொடைமேல் அழுத்தி வைத்துக்கொண்டிருந்தார்.

"இது நானா?"

"நீங்கதாங்க."

"அன்னிக்கு நான் கோபமாக் கூப்பிட்டேன்னுல்ல நினைச்சிட்டிருக்கேன்." கருவியைக் காதிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "பயந்து போயில்ல கூப்பிட்டிருக்கேன்."

கருவியை என்னிடம் திருப்பித் தந்தார்.

"இருக்கட்டும்" என்றார். அனுமதி தந்ததற்கு அந்த ஒரு வார்த்தைதான். பிறகு ஊசிக்காகச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்து போனார்.

திரையிடல் இருபத்தொன்றாம் தேதி. உன்னை வா என்று எழுதவில்லை. கல்லூரி அரங்கு நூலகத்துக்குப் பின்னால் இருக்கிறது, வாசலில் இரண்டு படி. அதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

அம்மா


மார்ச் 18

அம்மா,

நான் வரவில்லை. என்னோடு வேலை செய்பவரின் மனைவிக்குப் பிரசவ நேரம், அவர் கீழே போயிருக்கிறார், நான் ஒருத்திதான். இது உண்மையான காரணம். ஆனால் அவர் இங்கே இருந்திருந்தாலும் வந்திருப்பேனா என்று தெரியவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

உன் படம் ஆறு மணிக்குத் தொடங்குகிறது. என் பலூனும் ஆறு மணிக்கு. அன்று மேகம் தாழ்வாக இருக்கும், விட்ட பத்தாவது நொடியில் மறைந்துவிடும்.

நடந்ததை நடந்தபடி எழுது. எனக்காக இனிப்புச் சேர்க்காதே.


மார்ச் 24

பாப்பா,

இனிப்பு இல்லாமல் எழுதுகிறேன்.

அரங்கில் நூற்றிருபது நாற்காலி. ஐந்தரைக்கு இருபது பேர்கூட இல்லை. ஆறுக்கு நூறு தாண்டிவிட்டது. டோக்கன் வாங்குகிறவர்கள் முகங்கள் நிறைய. சாப்பிட்டுவிட்டு வந்த முகங்களாக அவர்களை நான் பார்த்ததே இல்லை, பாதிப் பேரை அடையாளம் தெரியவில்லை. ஒருவர் முன்னெச்சரிக்கையாக டார்ச் கொண்டுவந்திருந்தார்.

என் பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்திருந்தேன். கேட்டவர்களிடம் "ஆள் வராங்க" என்றேன். நீ வரவில்லை என்று கடிதம் கையில் கிடைத்த பிறகும் அப்படித்தான் சொன்னேன். விளக்கு அணையும்போது ஒரு பெண் குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

முதலில் முழுத் திரையும் வெள்ளை. படம் ஓடவில்லை என்று நினைத்து யாரோ விசிலடித்தார்கள். அப்போது அந்தக் குரல். "பாப்பா! எங்க இருக்க?" அரங்கில் ஏழெட்டுப் பெண்கள் சட்டென்று திரும்பிப் பார்த்தார்கள். எத்தனை பேருக்கு வீட்டில் அந்தப் பெயர் என்று அன்றுதான் தெரிந்தது. பிறகு தும்மல் பாட, நிழல் ஒன்று நீலத்துக்குள்ளிருந்து எழுந்து வந்தது. குழந்தைகூடச் சத்தம் போடவில்லை. நானும் எடுத்தவர்களில் ஒருத்தி என்பதையே மறந்துவிட்டேன். யாரோ எனக்காகக் கண்டு வைத்த கனவைப் பார்ப்பது போல உட்கார்ந்திருந்தேன். நான்கு நிமிடம் என்பது எவ்வளவு நீளம், பாப்பா. முடிந்தபோது எவ்வளவு குட்டை.

விளக்கு போட்டதும் பின்பக்கம் ஒரே சலசலப்பு. கதவருகே கண்டக்டர், காக்கிச் சட்டையோடு. கூடவே டிரைவர். அவர்களுக்குப் பின்னால் ஏழு பயணிகள். கல்லூரி நிறுத்தத்தில் வண்டி பத்து நிமிடம் நிற்குமாம். "சும்மா உக்காந்திருக்கிறதுக்கு வாங்க, என் பொண்ணு பாடியிருக்கு" என்று எல்லோரையும் இறக்கிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். தும்மல் ஓடிப் போனாள். அவர் மணியைப் பார்த்து, "நேரமாச்சு, வீட்ல பேசிக்கலாம்" என்று சொல்லிப் பயணிகளை எண்ணிக்கொண்டே போனார். ஆறு பேர்தான் இருந்தார்கள். ஏழாவது ஆள் படத்தை இன்னொரு தடவை போடுவார்களா என்று தாடியிடம் கேட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

விரிவுரையாளர் நடை மெதுவாக இருக்கிறது என்றார். விளம்பரத்துக்கு மட்டும் முழு மதிப்பெண் கொடுத்திருக்கிறார். அதில் பாதி உன்னுடையது என்று அவரிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

பாட்டை ஒரு பென்டிரைவில் வைத்து இதோடு அனுப்புகிறேன். கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி.

அம்மா


ஏப்ரல் 2

அம்மா,

அலுவலகக் கணினியில் போட்டுப் பார்த்தேன். என்னோடு வேலை செய்பவர் பெண் குழந்தை பிறந்த சந்தோஷத்தில் திரும்பி வந்திருந்தார், அவரும் பார்த்தார். "உங்க அம்மாவா எடுத்தது?" என்று நம்பாமல் கேட்டார். அம்மாவும் இன்னும் மூன்று பேரும் என்றேன். அவர் போனபிறகு மறுபடி போட்டேன். எத்தனை தடவை என்று சொல்ல மாட்டேன்.

அந்தப் பெண்ணின் குரல் இரண்டாவது சரணத்தில் ஓரிடத்தில் உடைகிறது. நீங்கள் அதை வெட்டாமல் வைத்திருக்கிறீர்கள். யார் வைக்கச் சொன்னது என்று தெரியாது. நல்லதாகப் போயிற்று. உடைந்த பிறகும் அவள் நடந்துகொண்டேதான் இருக்கிறாள்.

எனக்கு ஒரு வாரம் விடுமுறை கிடைத்திருக்கிறது. பதினொன்றாம் தேதி மதியம் வருகிறேன். பஸ் நிலையத்துக்கு வராதே, எனக்கு வழி தெரியும். வந்ததும் சாப்பாடு போடு, தூங்க விடு. அந்தப் பேச்சை நீயாக எடுக்காதே. நானே எடுப்பேன், மறுநாளோ அதற்கு மறுநாளோ. கடிதத்தில் எழுதியது போல நிதானமாக வராது. கோபமாகத்தான் பேசுவேன். அழுதாலும் அழுவேன். எது வந்தாலும், பாதியில் எழுந்து அடுப்படிக்குப் போய்விடாதே அம்மா. உட்கார்ந்து கேள்.